மூன்றடிப் பசுமை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். ஆடிப்பெருக்கு. அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியும் முன்பே ஆரம்பித்துவிட்டது. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். எல்லாம் முடித்து ஓடினால் கூட்டத்துக்கு நான்தான் கடைசி. சங்கக் கட்டடத்து மாடி ஹால். மின்விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் இல்லை.

காலனி அழகுபடுத்தும் குழு. ஐந்து பேர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் மண்டை காய்ந்துவிடுகிறது, நிழலுக்கு நாலு மரம் வைக்கலாம் என்றுதான் இதில் சேர்ந்தேன். மரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இலை கொட்டுமாம்.

தலைவர் வெங்கடேசன் சார் (இனி வெ.சா.). ஓய்வுபெற்ற இன்ஜினியர். சுதந்திர தினத்துக்கு முன்னால் பெரிய அதிகாரிகள் தெருவைப் பார்வையிட வருகிறார்களாம். அதற்குள் எல்லாம் மின்ன வேண்டுமாம். அவர் தட்டச்சு செய்து கொண்டுவந்த விதிகள்:

– எல்லா வீட்டு முன்னும் மதிலை ஒட்டி மூன்றடி அகலத்துக்குச் செடி.
– எல்லா வீட்டுக்கும் ஒரே செடி. மஞ்சள் குரோட்டன்ஸ்.
– மதில் மேல் துணி காயப்போடக் கூடாது.
– படி, திண்டு, சாய்தளம் எது வெளியே நீட்டியிருந்தாலும் இடிக்கப்படும்.
– கார் ஏறும் சரிவுக்கு மட்டும் விலக்கு.

கடைசி இரண்டையும் இரண்டு தடவை படித்தேன்.

“அப்போ அருள் வீட்டு ராம்ப்?”

“பார்த்துக்கலாம் மேடம்.”

“எப்படி சார் பார்த்துப்பீங்க? அந்தத் தம்பி வீல்சேர்ல போறவர். அது வழியாத்தான் வெளிய வரணும், உள்ள போகணும்.”

“அடுத்த ஞாயிறு பேசி முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் யாரும் தொட மாட்டாங்க.”

சரி என்றேன். குழுவில் இன்னொருத்தியான மாலதி செல்போனில் குரோட்டன்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெ.சா. வீட்டு முன் சரிவு தெருவில் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று திரும்பும்போது நின்று பார்த்தேன். அவர் காருக்கு அது வேண்டுமாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பகல் முழுக்க வெயில், சாயங்காலம் ஒரு தூறல். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு சுதந்திர தின ஒத்திகை. என் வகுப்பை எடுத்துக்கொண்டார்கள். ஒளிச்சேர்க்கை பாதியில் நிற்கிறது.

வரும் வழியில் அருள் வீடு. அவன் அம்மா ஜெசிந்தா அக்கா இஞ்சி டீ கொடுத்தார். அருளுக்கு முப்பத்திரண்டு இருக்கும். கேளம்பாக்கத்தில் சாஃப்ட்வேர் வேலை. வாரத்தில் மூன்று நாள் அலுவலக வேன் வருகிறது, நாற்காலியோடு ஏற்றி இறக்க லிஃப்ட் வைத்த வண்டி. மோட்டார் சக்கர நாற்காலி, நல்ல கனம். விபத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் இந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் இருந்தவன். அந்தச் சாய்தளம் போட்ட பிறகுதான் வேலைக்கே போனான். அக்கா இதைச் சொல்லும்போது அவன், “அம்மா, கதை போதும்” என்றான்.

விதியைப் படித்துக் காட்டினேன். சிரித்தான்.

“ஒரு பழைய காரை வாங்கி வாசல்ல நிறுத்திட்டா ராம்ப் சட்டப்படி ஆயிடும்ல அக்கா? ஓட்டக்கூட வேணாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பேசறேன். எங்க கூட்டம்?”

மாடி ஹால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனே புரிந்துகொண்டான். டீயைக் குடித்து முடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் வெ.சா.வுக்கு போன். கூட்டத்தைக் கீழே வைக்கலாமே சார். “கீழ லைட் பத்தாது மேடம், கொசு வேற. அவர் சொல்ல வேண்டியதை வாட்ஸ்ஆப்ல அனுப்பச் சொல்லுங்களேன்.”

கொசுவாம்.

ஆகஸ்ட் 6, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

காய்கறிக் கடையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள். என்னைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துத்தான் பேசினார்கள்.

“ஒருத்தருக்காக மொத்தத் தெருவும் அசிங்கமா இருக்கணுமா?”

“பாவம்தான். ஆனா ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

எல்லாருக்கும் ஒன்றாம்! உங்கள் இருவர் வீட்டிலும் கார் இருக்கிறதே என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. கத்தரிக்காயைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கோபத்தில் பச்சைமிளகாய் வாங்க மறந்தேன்.

வீட்டுக்காரர் ரவியிடம் சொன்னால், “ஊர் வம்பெல்லாம் உனக்கெதுக்கு சுமதி?” இருபது வருஷமாக இதே வசனம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தூங்கும் முன் இதை எழுதிவிட வேண்டும்.

பள்ளி முடிந்து வருகிறேன். தெருமுனையிலேயே கூட்டம். விபத்தோ என்று பயந்து ஓடினேன். அருள் வீட்டு முன்னால் சாய்தளம் இல்லை. உடைந்த சிமெண்ட் கட்டிகள் ஓரமாகக் குவிந்திருந்தன. சாய்தளம் இருந்த இடத்தில் நீளமாகக் குழி, குழி முழுக்க ஈர மண், அதில் வரிசையாக மஞ்சள் குரோட்டன்ஸ். அதற்கு இந்தப் பக்கம் தெருவில் அருள், நாற்காலியில். மடியில் ஆபீஸ் பை. வேன் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

சொந்த வீட்டு வாசல். உள்ளே போக முடியவில்லை.

ஜெசிந்தா அக்கா தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் இடித்திருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தவர் வெ.சா.வுக்கு போன் செய்ய, “காண்டிராக்டர் ஆள் இன்னைக்கு விட்டா கிடைக்க மாட்டான், அப்புறம் ஏதாவது பண்ணலாம்” என்று பதில். அக்கா அழவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். “வாங்க ப்ரோ, தூக்கிடலாம்.”

“வேணாம்.”

“அட, ரெண்டே நிமிஷம்.”

“தொடாதீங்க. நான் மூட்டை இல்ல.”

குரலை உயர்த்தவே இல்லை. பையன்கள் விலகினார்கள். அருள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டான், ஆபீஸ் மீட்டிங்கில் பேச ஆரம்பித்துவிட்டான். நடுத்தெருவில். பைக்குகள் அவனைச் சுற்றி வளைந்து போயின. நடுவில் யாரோ எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். “வீட்டு வாசல்லதான்” என்றான்.

தூறல் ஆரம்பித்தது. நான் குடையைப் பிடித்தேன். லேப்டாப்புக்குத்தான் பிடிக்கச் சொன்னான்.

வெ.சா. வந்தார். வேட்டி, கையில் டார்ச். முகத்தில் சங்கடம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

“தம்பி, சின்ன விஷயம். மழை வேற. நாலு பேர் தூக்கினா ஆச்சு.”

அருள் காதிலிருந்ததைக் கழற்றினான். “சார், நீங்க உங்க வீட்டுக்குள்ள போக தினமும் நாலு பேரைக் கூப்பிடுவீங்களா?”

“இது டெம்பரரிதான் தம்பி. அதிகாரிங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும்…”

“நானும் டெம்பரரியாவே இங்க இருக்கேன் சார். பரவாயில்ல.”

அப்போது நான் கத்தினேன். பள்ளியில்கூட இப்படிக் கத்தியதில்லை. “ஞாயிறு வரைக்கும் தொட மாட்டோம்னு என்கிட்ட சொன்னீங்களா இல்லையா சார்? வாய்ல சொன்னதுக்கு மதிப்பு கிடையாதா? காருக்கு வழி விட்டீங்க, மனுஷனுக்கு விடலையே!” இன்னும் என்னென்னவோ. பாதி நினைவில்லை. வெ.சா., “மேடம், ரோட்ல சத்தம் போடாதீங்க” என்றார். ரோட்டில் உட்கார வைத்தவர் அவர்!

பேசிக்கொண்டே குனிந்து ஒரு குரோட்டன்ஸைப் பிடுங்கிவிட்டேன். பிறகு இன்னொன்று. புடவையெல்லாம் சேறு. ஜெசிந்தா அக்கா வந்து பக்கத்தில் குனிந்தார். தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாலதி இறங்கி வந்தாள். என்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளும் குனிந்து பிடுங்கினாள். பிடுங்கியதை மட்டும் பத்திரமாக ஓரத்தில் அடுக்கினாள். செடி என்ன பாவம் செய்தது.

இடித்த கொத்தனார் ஏழுமலை இன்னும் அங்கேதான் நின்றிருந்தார். “இன்னா மேடம், எங்கள பார்த்து மொறைக்கிறீங்க? இடிக்கச் சொன்னாங்க, இடிச்சோம். உள்ள இப்படி ஒரு ஆள் கீறார்னு யாரும் சொல்லலியே.” அடுத்த தெருவில் கட்டும் அபார்ட்மெண்டிலிருந்து அவரும் ஆட்களும் சென்ட்ரிங் பலகைகள் கொண்டுவந்தார்கள். குழியில் உடைந்த சிமெண்டையே போட்டு நிரப்பி, மண் மூட்டை வைத்து, மேலே பலகை. பையன்கள் ஏறிக் குதித்துப் பார்த்தார்கள்.

அருள் மீட்டிங்கை முடித்துவிட்டு, லேப்டாப்பை மூடி, தானே ஏறி உள்ளே போனான். யாரும் கை தட்டவில்லை. நல்லவேளை.

கதவுக்குள் போனதும் ஜெசிந்தா அக்கா அழுதார். அதுவரை அழவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

உடம்பெல்லாம் வலி. விரல் நகத்தில் இன்னும் மண். வகுப்பில் ஒரு பெண், “மிஸ், தோட்டம் போட்டீங்களா?” ஆமாம் என்றேன்.

வாட்ஸ்ஆப் குரூப்பில் வெ.சா. போட்டது: ‘குறிப்பிட்ட குடியிருப்பாளரின் நிலையைக் கருதி, கருணை அடிப்படையில் தற்காலிக விதிவிலக்கு அளிக்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன்.’

கருணை! கையில் இருந்த சாக்பீஸ் டப்பாவை மேஜை மேல் போட்ட சத்தத்தில் ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. இடித்தவர் கருணை காட்டுகிறார்!

விலகல் கடிதம் எழுதினேன். நல்ல காரமான கடிதம். சாயங்காலம் அருளிடம் போய்ப் படித்துக் காட்டினேன். பாராட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

“நீங்க வெளிய வந்துட்டா அங்க எனக்கு யாரு அக்கா ஓட்டுப் போடுவா?”

“மானம் போகுது அருள், அந்த ஆள் பக்கத்துல உட்கார.”

“எனக்கு வாசல் போச்சு. உங்களுக்கு மானம்தானே போகுது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.”

கோபம் வந்தது. நியாயம் என்பதால் இன்னும் கோபம். கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். வெ.சா. கெட்டவர் இல்லை. போன வருஷம் மழையில் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது முழங்கால் தண்ணீரில் நின்று கால்வாய் அடைப்பை எடுத்தவர் அவர்தான். வெறுத்துவிட முடிந்தால் எவ்வளவு சுலபம்.

ஆகஸ்ட் 9, சனி

அதிகாரிகள் வருகை தள்ளிவைப்பு. தேதி பிறகு சொல்வார்களாம். ஒரு வரிச் செய்தி, கீழே கும்பிடும் கைகள்.

இதற்காகத்தான் இடித்தார்கள்.

பச்சைமிளகாய், கோலமாவு, ரவியின் மாத்திரை. இந்த முறை மறக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வானம் மூடியிருந்தது, மழை இல்லை. கூட்டம் மாடியில் நடக்கவில்லை. நானும் மாலதியும் காலையிலேயே போய் ஹாலிலிருந்து நாற்காலிகளை இறக்கித் தெருவில் போட்டுவிட்டோம். பூட்டுச் சாவி அவளிடம் இருந்தது வசதி. வெ.சா. வந்து பார்த்தார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொசு கடிக்கவில்லை. காலை நேரம்.

நாற்காலி கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லாதவன் அருள் மட்டும்தான். அவனே அதைச் சொல்லிச் சிரித்தான். ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை.

அவன் பேசியது கொஞ்சம்தான். “எனக்கு விதிவிலக்கு வேணாம். விதியை மாத்துங்க. முதல்ல எல்லாரும் உள்ள போற வழி, மிச்ச இடத்துல செடி. இன்னைக்கு நான். நாளைக்கு இங்க உக்காந்திருக்கற யாரு வேணா இருக்கலாம்.”

வெ.சா.: “அப்போ தெரு ஒரே மாதிரி இருக்காதே தம்பி.”

“வீட்ல இருக்கறவங்க ஒரே மாதிரி இல்லையே சார்.”

‘கருணை அடிப்படையில்’ என்ற வரியை அடிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதற்கு அரை மணி நேர விவாதம். அழகான வார்த்தைதானே மேடம் என்றார் வெ.சா. அந்த அழகும் வேண்டாம் என்றேன்.

கை தூக்கி ஓட்டு. நான், மாலதி, சங்கச் செயலாளர் கணேஷ். அவரை நான் எதிர்பார்க்கவே இல்லை. எதிராக வெ.சா.வும் இன்னொருவரும். மூன்றுக்கு இரண்டு. விதி மாறியது. கூடவே சங்கக் கட்டடத்துக்கும் ஒரு சாய்தளம். நிழல் மரம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது, அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

மத்தியானமே ஏழுமலை வந்து, பலகையை ஓரமாக நகர்த்திவிட்டு, பக்கத்தில் புதுச் சாய்தளம் போட ஆரம்பித்தார். சரிவு எவ்வளவு வேண்டும் என்று அருள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். பழையது கொஞ்சம் செங்குத்தாம். இது அதைவிட நன்றாக வரும். மாலதி பிடுங்கி வைத்த குரோட்டன்ஸை இரண்டு பக்கமும் நட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் பூச்சு முடிந்தபின் வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் குரூப்பில் படம். எடுத்தது யாரோ தெரியவில்லை. அருள் வீட்டு வாசல், புதுச் சாய்தளம், அதன் நடுவில் கைகட்டி நிமிர்ந்து நிற்கிறார் வெ.சா. கீழே: ‘அனைவருக்கும் அணுகல்! நமது குழுவின் முன்முயற்சி. ஒருமனதாக நிறைவேறியது.’

ஒருமனதாகவாம்! எதிராகக் கை தூக்கிய மனிதர்! ரத்தம் கொதித்தது. காரசாரமாக ஒரு பத்தி தட்டிக்கொண்டிருந்தேன். நான் அனுப்புவதற்கு முன்னால் அருள் பதில் போட்டுவிட்டான்.

‘சார், சிமெண்ட் இன்னும் காயல. கீழ இறங்குங்க.’