பெருச்சாளிக்கு வாங்கிய சின்னக் குண்டு

மார்கழி 18, வெள்ளி

கதிர் பிடித்த வயலைப் பெருச்சாளிகள் அறுத்துத் தள்ளுகின்றன. அவற்றைச் சுட ஏர்கன் துப்பாக்கி வாங்கிவர அப்பா என்னைத்தான் திருவள்ளூருக்கு அனுப்பினார்.

"எப்பவும் படிச்சிக்கினே கீறியே, நீயே பாத்து வாங்கிக்கினு வா."

கடைக்காரர் பெரிய குண்டு போடும் பாயின்ட் டூ டூ துப்பாக்கியை எடுத்து வைத்தார். "பெருச்சாளிக்குச் சின்ன குண்டு பத்தாதும்மா." சின்னக் குண்டுதான் வேகமாகப் போகும், குறி தப்பாது என்று அவருக்கே பாடம் நடத்திவிட்டு, அது போடும் பாயின்ட் ஒன் செவன் செவனை வாங்கி வந்தேன். நான் இணையத்தில் படித்ததெல்லாம் போட்டிக்காகக் காகித அட்டையைக் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் எழுதியது.

இன்று மாலை அப்பா ஒரு பெருச்சாளியைச் சுட்டார். குறி தப்பவில்லை. ஆனால் அது சாகவில்லை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரப்பில் கிடந்து கத்தியது.

"இன்னாம்மா இது, உசுரு போவ மாட்டேங்குது!" அப்பா மண்வெட்டியால் அடித்தார். இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது.

கை கழுவும்போது சொன்னார்: "பொண்ணு தனியா வந்துகீதுன்னு கடைக்காரன் இத தலையில கட்டிட்டான். காலைல போயி அவன நாலு வார்த்த கேக்காம வுட மாட்டேன்."

"ஆமாம்பா" என்றேன்.

கடைக்காரர் நாளை உள்ளதைத்தான் சொல்வார். அப்பா அவரை நம்பமாட்டார். என்னைத்தான் நம்புவார்.