சகனில் நாலாவது இடம்

இன்று மதியம் ஆரப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வண்டிக்காரர் குதிரைக்குத் தண்ணீர் காட்ட நிறுத்திய இடத்தில் தால்ச்சா வாசனை வந்தது. பருப்பும் எலும்பும் மாங்காயும் சேர்ந்து கொதிக்கிற வாசனை. அரிசியும் நெய்யும் கிடைக்காத இந்தப் போர்க்காலத்திலும் யாரோ எப்படியோ ஒரு கல்யாணம் நடத்துகிறார்கள். வாசனை நினைவைக் கிளறும் என்று பிறர் சொன்னால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். மறுமையில் பார்ப்போம் என்று ஒருமுறை நீங்கள் சொன்னபோது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றேன். "நம்பாதவுகளையும் அங்கன கூப்புடுவாக டீச்சர். வந்து பதில் சொல்லணும்ல?" என்று சிரித்தீர்கள். சிரிக்கும்போது உங்கள் வாய் இடது பக்கமாகக் கோணும். அதை மறைக்க முந்தானையைத் தூக்குவீர்கள்.

நான் அப்போது பசுமலையில் பெண்கள் பள்ளி ஒன்றில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில், எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டுக்கொண்டபடி, நெடுநாள் நோயோடு வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களைப் பார்க்கப் போவேன். மருந்து கொடுப்பது என் வேலை அல்ல. முடங்கிய கையோடும் மூச்சு முட்டும் நெஞ்சோடும் ஒருத்தி தலை சீவ, சேலை கட்ட, அடுப்புப் பற்றவைக்க என்ன வழி என்று அவளோடு சேர்ந்து பார்ப்பதுதான் வேலை. டாக்டரம்மா ஒரு ஆங்கிலப் புத்தகம் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் சில மாதங்கள் கூட வைத்துப் பழக்கவும் செய்தார். இதற்குத் தமிழில் பெயர் இருக்கவில்லை. முதல் நாள் உங்கள் மருமகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே பார்த்து, "மாமி, கை பழக்குற டீச்சர் வந்திருக்காக" என்று கூவினாள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

பக்கவாதம் வந்து உங்களுக்கு ஓர் ஆண்டு ஆகியிருந்தது. வயது என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். கால் ஓரளவு திரும்பி, கோல் ஊன்றி நடந்தீர்கள். வலது தோளும் முழங்கையும் கொஞ்சம் அசைந்தன. விரல்கள்தாம் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. மருமகள் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினீர்கள். ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஊட்டுறவ மொகத்தப் பாத்தா, அவளுக்கு இன்னும் எம்புட்டு வேல கெடக்குன்னு தெரிஞ்சுபோகுது டீச்சர்."

இடது கையில் கரண்டி பிடித்துப் பழகலாம் என்றேன். புத்தகமும் அதைத்தான் சொன்னது. நீங்கள் கரண்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, பொரியலுக்கு ஆகும் என்று மருமகளிடம் நீட்டினீர்கள். பக்கத்து அறையிலிருந்த உங்கள் தம்பி இதைக் கேட்டிருக்க வேண்டும். பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டுவந்து அடுத்த சனிக்கிழமை சொன்னார்: நோய் கண்டவர்கள் இடது கையால் சாப்பிடுவதற்குத் தடையில்லை.

"அல்லா மன்னிச்சிருவான்டா தம்பி. ஒரே சகன்ல கூட உக்காந்திருக்க பொம்பளைக மன்னிக்கணுமே?" என்றீர்கள்.

சகன் என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் தெரியும். கீழக்கரைப் பக்கமிருந்து மதுரைக்கு வந்து துணி வியாபாரம் செய்த உங்கள் குடும்பத்தில், விசேஷ நாட்களில் பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார்கள். உங்கள் இளைய மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. பெண்ணைப் பெற்றவளும் மாப்பிள்ளையைப் பெற்றவளும் அன்று ஒரே சகனில் சாப்பிட வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம்.

"சம்மந்தி முன்னாடி மருமவ ஊட்டிவிட நான் உக்காரமாட்டேன். ஒண்ணு இந்தக் கையால சாப்புடுவேன். இல்லாட்டி காச்சல்னு சொல்லிப் படுத்துக்கிருவேன். எம்மவ நிக்காஹ் விருந்து நான் இல்லாம நடக்கட்டும்."

விரல்கள் திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன் என்றேன்.

"வராதுன்னும் சொல்லாதீக. ரெண்டுமே ஒங்களுக்குத் தெரியாதுல?"

தெரியாதுதான். குணமாகிவிடும் என்று நோயாளிகள் நம்பிக்கையாகப் பேசினால் எனக்கு அலுப்பு வரும். உங்கள் பேச்சு அந்த மாதிரி இல்லை என்பதால், வலது கையையே பழக்க ஒப்புக்கொண்டேன்.

வெந்நீரில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். வீட்டுக்கு வாங்கியிருந்த புளியில் கொட்டை எடுப்பதை உங்கள் வேலையாக்கினோம். தஸ்பீஹ் மணிகளை வலது கட்டைவிரலால் நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். தொழுகைப் பொருளை வைத்தியத்துக்கு எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான போகுது" என்றீர்கள். கை வாய்க்கு எட்டாமல் பாதியில் நின்று நடுங்கியபோது ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டீர்கள். சோறு என் சேலையெல்லாம் சிதறியது. "இந்தப் புத்தகத்த எழுதுன வெள்ளக்காரம்மா சோத்தக் கையால பெசஞ்சிருக்காளா, கேளுங்க!" நான் சேலையை உதறிக்கொண்டே, கேட்டு எழுதுகிறேன் என்றேன். மருமகள் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

கோபம் அடங்கியபின் நீங்களே கேட்டீர்கள்: "எடது கை சோத்தத் தொடக்கூடாது. சரி. வலது கையத் தொடலாம்ல?" இடது உள்ளங்கையை வலது மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிக் காட்டினீர்கள். புத்தகத்தில் அது இல்லை. முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்தேன். தட்டை முக்காலிமேல் உயர்த்தினேன். சோற்றைக் கொஞ்சம் குழைய வடிக்கச் சொன்னேன். சில வாரங்களில், பாதி சிந்தினாலும் மீதி வாய்க்குப் போனது. அன்றிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டீர்கள்.

இவ்வளவு போதும் என்று நான் நினைத்தேன். கை வாய்க்கு எட்டிவிட்டது; நோக்கம் நிறைவேறியது. ஆனால் மருமகள் ஒருநாள் என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தபோது, "நீங்க போனப்புறம் மாமி வெறுந்தட்டுல பேரீச்சங்கொட்டைய வச்சுத் தள்ளிக்கிட்டே இருக்காக. சாப்புடுறதுமில்ல, எடுக்குறதுமில்ல. என்னன்னு கேட்டா அதட்டுறாக" என்றாள். விரல்களுக்கு நல்லதுதான், விட்டுவிடு என்று சொல்லி வண்டியேறினேன்.

நிக்காஹ் அன்று பெண்கள் பக்கத்துக் கூடத்தில் பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டு, நெய்ச்சோறும் தால்ச்சாவுமாகச் சகன்கள் வைத்திருந்தார்கள். எனக்கு, இந்து விருந்தாளிகளுக்குச் செய்யும் வழக்கம்போல, ஓரத்தில் தனி இலை. நீங்கள் தூண் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். எதிரே சம்பந்தி அம்மாள், பக்கத்தில் அவருடைய தங்கை. நாலாவதாக உட்கார்ந்த உங்கள் நாத்தனார் உங்கள் கையைப் பார்த்தார். "நான் பரிமாற வேணாமா" என்று எழுந்து போய்விட்டார். காரணத்தை நான் ஊகிக்க விரும்பவில்லை. பரிமாற ஆட்கள் நிறைய இருந்தார்கள்.

சம்பந்தி அம்மாள் தாழ்ந்த குரலில், "மச்சி, ஒங்களுக்குத் தனித்தட்டு கொண்டாரச் சொல்லவா? நிதானமாச் சாப்புடலாம்ல" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அதற்குப் பதில் சொல்வது கடினமாக இருந்தது. கூடத்தில் பேச்சு குறைந்தது. மருமகள் கையில் ஒரு தட்டோடு, கொடுப்பதா வேண்டாமா என்று நின்றாள்.

"டீச்சர், எல எங்கயும் ஓடிராது. இங்கன வந்து உக்காருங்க" என்றீர்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் உழுது பயிரிடும் சம்சாரி வீட்டில் வளர்ந்தவள் நான். தண்ணீர்ச் செம்பைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லி வளர்த்தார்கள். கல்லூரிக்குப் போனபின் சாமியை விட்டேன், சாதியை விட்டேன். எச்சில் என்ற கூச்சம் மட்டும் உடம்பைவிட்டுப் போகவில்லை. நாலு பேர் கை போகும் தட்டில் என் கை போகுமா என்று எனக்கே தெரியாது. எழுந்து வந்து, அந்தக் காலியான இடத்தில் உட்கார்ந்தேன். சம்பந்தி அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு மருமகளிடம் தட்டை எடுத்துப்போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

நீங்கள் பிஸ்மி சொன்னீர்கள். இடது கையை மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்து வலது கையைச் சகனுக்குள் கொண்டுபோனீர்கள். சோற்றை அள்ளவில்லை. நெய்ச்சோற்றின் மேலிருந்த பெரிய கறித்துண்டின் பின்னால் விரல்களை வைத்தீர்கள். துண்டு ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது. மறுபடி தள்ளினீர்கள். சகனின் நடுவைத் தாண்டி, சம்பந்தி அம்மாளின் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"சாப்புடுங்க மச்சி. இனிமே இதுவும் ஒங்க மகன் வீடுதான்."

சம்பந்தி அம்மாள் அந்தத் துண்டைப் பிய்த்து, பாதியை உங்கள் பக்கம் தள்ளினார். "கையில ஒரு கொறையுமில்லாத எனக்கே இம்புட்டு வேகமாத் தள்ள வராது" என்று அவர் சொன்னதும் கூடம் முழுக்கச் சிரிப்பு வந்தது. அடுத்த துண்டு என் பக்கம் வந்தது. நான் சாப்பிட்டேன். முதல் இரண்டு கவளத்தை எண்ணி எண்ணி விழுங்கினேன். பிறகு எண்ண மறந்துவிட்டேன்.

வாய்க்குக் கொண்டுவருவதைவிட, எதிரே தள்ளுவது அப்படிப்பட்ட கைக்குக் கடினம். நீட்ட வேண்டும், விரலைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதை நாம் பழகவே இல்லை. நீங்கள் எனக்குச் சொல்லாமல் பேரீச்சங்கொட்டையில் பழகியிருந்தீர்கள். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன்.

"நீங்க சாப்புடச் சொல்லிக் குடுக்க வந்தவுக. விருந்து வைக்க நான் சொல்லிக்கணுமா ஒங்ககிட்ட? பொண்ணப் பெத்தவ மொதல்ல குடுக்கணும் டீச்சர். அப்புறந்தான் திங்கணும்."

இரண்டாம் முறை பக்கவாதம் வந்தபோது நீங்கள் பிழைக்கவில்லை. செய்தி எனக்குத் தாமதமாக வந்தது; அடக்கம் முடிந்திருந்தது. மருமகள் என்னிடம் அழவில்லை. கடைசிவரை மாமி தன் கையால்தான் சாப்பிட்டார் என்று மட்டும் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

பள்ளியை விட்டுவிட்டு இப்போது இந்த வேலையையே முழுநேரமும் செய்கிறேன். கையை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, எது வராது என்று குறித்துக்கொள்வதுதான் முன்பெல்லாம் முதல் வேலை. இன்று அதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன். சென்ற மாதம் ஒத்தக்கடையில் கீல்வாதத்தில் விரல் முட்டிகள் வீங்கிய ஒரு சம்சாரிப் பெண்ணிடம் கேட்டேன்: கை நன்றாகிவிட்டால் யாருக்கு என்ன செய்வீர்கள்? சாப்பிடுவேன், தலை சீவுவேன் என்று சொல்வாள் என்றே நினைத்தேன்.

"எம்மாட்ட நானே அவுத்துவிடணும்மா. வேற ஆளு கயித்தத் தொட்டா முட்ட வருது. அது என்னைய எதிர்பாத்துக் கத்திக்கிட்டே நிக்குது."

புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்தக் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னேன்.