பச்சைப் புள்ளி

செவ்வாய், இரவு.

காலையிலிருந்து காய்ச்சல். லீவு கேட்கப் பயந்து வீட்டிலிருந்தே லாக்-இன் செய்தேன். கொஞ்ச நேரம் மவுஸ் அசையாவிட்டால் ஆபீஸ் சாட்டில் என் பெயரருகே உள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகி ‘ஐடில்’, சும்மா இருக்கிறேன் என்று காட்டிவிடும். அம்பத்தூரில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த இவர், "நீ போய்ப் படு. மவுஸ நான் ஆட்டிகினு கீறேன்" என்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்கு மேனேஜர் போன் செய்தார். "இன்னைக்கு சீட்ட விட்டு எழுந்திருக்கவே இல்ல போல? ஓவர்வொர்க் பண்ணாதீங்க, ரெஸ்ட் எடுங்க." அக்கறையா, சந்தேகமா? ரெஸ்ட், பிரேக், ரிலாக்ஸ் என்று அவர் வாயில் எத்தனை நல்ல வார்த்தைகள்! நான் படுத்தால் மட்டும் ஐடில்.

இவர் தூங்காமலேயே மறுபடி ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் வேலை. அங்கே கண் அசந்தால் மஞ்சள் புள்ளியோடு போகாது. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவார். இன்னும் கூப்பிடவில்லை.