மூன்றாம் ஓலைக்குள் வந்து சேர்

அருப்புக்கோட்டை
6-1-1975, திங்கள்

அன்பு மகள் ரோஸிக்கு அம்மா ஞானப்பூ எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம். ஒப்புக்கு எழுதவில்லை, மெய்யாகவே சுகம், இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் நீ அதை நம்பியாக வேண்டும். உனக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா, நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுத்துவிடுகிறாயா என்றெல்லாம் கேட்க வேண்டும், ஆனால் பதில் எழுத உனக்கு நேரம் இருக்காது, நேரில் வந்தே சொல்.

நேற்று ஆராதனையில் நம் கோவிலில் உன் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசித்தாயிற்று. பதறாதே, முழுவதும் படி. நிச்சயத்தன்று நீயும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு குருவானவரிடம்தான் இருந்தது, அதை எடுத்து வாசிக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை, பத்தொன்பதாம் தேதி மூன்றாம் ஓலை. இருபத்தொன்பதாம் தேதி புதன்கிழமை கல்யாணம். லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டால் கோவிலில் கல்யாணம் கிடையாது, அது முடிந்தால் கோடை வந்துவிடும், கோடை முடிந்தால் உன் பெரியப்பா வேறு காரணம் கண்டுபிடித்துவிடுவார்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபம் வரும், வரட்டும். நீயும் எங்களைக் கேட்காமல்தானே நவம்பரில் எழுதினாய். அப்பாவுக்குப் பஞ்சு மில்லில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, தம்பிக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது, விலைவாசி இறங்கட்டும், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு நான் பணம் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன் என்று எழுதினாய். மாப்பிள்ளை மாசிலாமணிக்கும் அப்படியே எழுதிவிட்டாய். எங்களுக்கு வந்த கடிதத்தை உன் பெரியப்பா வேதநாயகம் வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெத்தா இப்படி ஒரு புள்ளயப் பெறணும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மகளுக்கு இருபது வயதில் கல்யாணம் முடித்தவர், என் மகளுக்கு இருபத்தாறு ஆன பிறகும் பொறுத்திருக்கச் சொல்கிறார். அதைக்கூட நான் பொறுத்திருப்பேன், அறுப்பின் பண்டிகை ஏலம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்.

இந்த வருடம் மழை இல்லை, நரிக்குடிப் பக்கம் கண்மாய்கள் காய்ந்து ஆடு மேய்கிறது, அறுக்க ஒன்றுமில்லாத வருடத்திலும் அறுப்பின் பண்டிகை வைத்தார்கள். சரி, ஆண்டவருக்குச் செய்வதுதானே. காணிக்கையாக வந்தது நாலு கோழி, கொஞ்சம் கம்பு, ஒரு பூசணிக்காய். பூசணிக்காய் ஏலத்துக்கு வந்ததும் உன் பெரியப்பா ஒரு ரூபாய் ஏற்றினார், அப்பா இரண்டு ஏற்றினார். பம்பாய் நர்ஸம்மாவப் பெத்தவன் இதுக்கே நின்னுருவானா என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, அவ்வளவுதான், அண்ணனும் தம்பியும் கோவில் வாசலில் சேவல்கள் மாதிரி நின்றார்கள். நான் முந்தானையைப் பிடித்து ஜாடை காட்டுகிறேன், அப்பா என் பக்கமே திரும்பவில்லை. நீ அனுப்பும் பணத்தில் பாதிக்கு ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நீ ஊர் பேர் தெரியாதவர்களுக்குப் பெட்பேன் எடுத்துச் சம்பாதித்த காசு, ரோஸி. என்னால் அழக்கூட முடியவில்லை, அவ்வளவு கோபம்.

ஆனால் அந்தப் பூசணிக்காய்தான் எனக்கு உண்மையைக் காட்டியது. உன் பணம் வருகிற வரைக்கும் இந்த வீட்டுக்குக் கஷ்டகாலம் வந்ததே தெரியாது. அப்பாவுக்கு வேலை பாதியாகிவிட்டது, கௌரவம் மட்டும் முழுசாக இருக்கிறது, அந்த இடைவெளியை உன் ஆயுசைப் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம். மறுநாளே பூசணிக்காயைக் கீற்று போட்டுத் தெருவாசலில் வைத்து விற்றேன். ஒரு கீற்றைப் பெரியப்பா வீட்டுக்கு விலை சொல்லியே அனுப்பினேன், பெரியம்மா காசு கொடுத்துத்தான் வாங்கினாள். ஏலத்துக்குக் கட்ட வேண்டிய மீதிப் பாக்கிக்கு அப்பாவின் ரேடியோவை விற்றேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் நியூஸ் கேக்காட்டியும் விலைவாசி ஏறத்தான் செய்யுது என்றார், அதோடு சமாதானம்.

முன்னறையைத் தனுஷ்கோடி என்ற தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். மானம் போச்சு என்று உன் பெரியப்பா சொன்னார். மானம் அடுப்பங்கரையில் பத்திரமாக இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினேன். உன் கல்யாண ஜாக்கெட்டை அவரே தைக்கிறார், கூலியை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றார். அரிசிச் சோறு ஞாயிற்றுக்கிழமை மட்டும், மற்ற நாளில் கேப்பைக் களி, கம்பங்கூழ், பால் இல்லாத கருப்பட்டிக் காப்பி. அப்பா மில் இல்லாத நாட்களில் பாளையம்பட்டியில் ஒரு கடைக்கு மூட்டை எடைபோடப் போகிறார். முதல் நாள் தலைப்பாகையை முகத்துக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு போனார், இப்போது நிமிர்ந்துதான் போகிறார். தம்பி சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான், அக்கா கல்யாணத்த நிறுத்தி நான் படிக்கணும்னா படிப்பே வேண்டாம் என்று ஒரு நாள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தான், காதைத் திருகி எடுத்து வைக்கச் சொன்னேன். ஒருவரிடமும் வட்டிக்கு வாங்கவில்லை, உன் நிச்சயத்துக்குப் போட்ட சங்கிலியை அடகு வைக்கவும் இல்லை.

அதன் பிறகுதான் திருச்சுழிக்குப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தார், அவர் அம்மா தங்கத்தாய்தான் வீட்டில். சுற்றி வளைக்காமல் சொன்னேன், இருக்கும் சங்கிலிக்கு மேல் ஒரு குண்டுமணி தங்கம் கிடையாது, விருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சோறும் சாம்பாரும் ஒரு பாயசமும்தான், சம்மதமா என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரேசன் கார்டுல இன்னொரு பேரு சேந்தா சீனி கூடக் குடுப்பான்ல மைனி, சீக்கிரம் அனுப்புங்க என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார், உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். அவுக வாரேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் என்றார். நீ பம்பாய் வேலையை விடுவாயா, மதுரைப் பக்கம் வேலை தேடுவாயா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். எங்கே சம்பாதித்தாலும் உன் பெயரில் தபால் ஆபீசில் ஒரு கணக்கு வைத்துக்கொள், அதை மட்டும் கேள்.

காலம் சரியாகட்டும் என்று எழுதியிருந்தாய். இந்தக் கரிசல் மண்ணில் காலம் எப்போது சரியாக இருந்தது, சொல். நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டது யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத வருடத்தில். நல்ல காலம் வரட்டும் என்று நானும் காத்திருந்திருந்தால் நீ பிறந்தே இருக்க மாட்டாய். பஞ்சத்துக்குப் பயந்து சோற்றைக் குறைப்போம், சேலையைக் குறைப்போம், வாழ்க்கையைக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நேற்று ஓலையை வாசித்துவிட்டு, யாருக்காவது தடை சொல்ல நியாயம் இருந்தால் சொல்லலாம் என்று குருவானவர் கேட்டார். உன் பெரியப்பா தொண்டையைச் செருமினார். நான் திரும்பி அவரையே பார்த்தேன், அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். வெளியே வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டு, பொழப்பு கெட்ட நேரத்துல வருமானத்தக் கட்டிக் குடுக்கியேடா என்றார். அப்பா அண்ணனை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை, உனக்குத் தெரியும். வருமானத்தக் கட்டிக் குடுக்கலண்ணே, எம் மகளக் கட்டிக் குடுக்கேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். நான் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தலையில் காற்று வாங்காதே, இருமல் கூடும். மூன்றாம் ஓலை வாசிக்கும்போது நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்று காலையில் தபால்காரர் இருளாண்டி உன் மணியார்டரைக் கொண்டு வந்தார். அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாங்க மறுத்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பணம் உனக்கே திரும்பி வரும், அதில் டிக்கெட் எடு.

இப்படிக்கு,
இனி உன் பணத்துக்கு அல்ல, உனக்காகக் காத்திருக்கும்
அம்மா ஞானப்பூ
அப்பா யாக்கோபும் தானாகவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்: யா. யாக்கோபு