முன்பாதி குதிரை, பின்பாதி எருமை

மார்ச் 3, செவ்வாய்

வெளியே சொன்னால் வெட்கக்கேடு. இன்று காலை கம்ப்யூட்டரைக் கொஞ்சினேன். "கண்ணு, கோச்சுக்காம திறந்துடும்மா." பின்னால் ஒரு இருமல். நிலைப்படியில் மனைவி, கையில் துடைப்பம்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்கீங்களா?"

துடைப்பத்தின் முன் உண்மை பேசக்கூடாது. "மனசுக்குள்ள கூப்பிட்டிருக்கேன்" என்றேன்.

மார்ச் 4

வாரப் பத்திரிகை ஆசிரியர் போனில் பிடித்துக்கொண்டார். என் நகைச்சுவைப் பக்கம் வந்து ரொம்ப நாளாயிற்று.

"போன வாரம் கம்ப்யூட்டர் திறக்கலன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும் அதேதான். வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்குள்ள கட்டுரை வரலன்னா, உங்க பக்கத்தை முடி வளர்ற எண்ணெய் விளம்பரத்துக்குக் குடுத்துடுவேன் சார்."

என் தலையைப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள கொடுமை புரியும். அந்தப் பக்கம் போனால் நான் எழுத்தாளன் இல்லை, வீட்டில் சும்மா கிடக்கும் ஆள். மனைவி வழிச் சொந்தம் மொத்தமும் அந்த நல்ல செய்திக்குத்தான் காத்திருக்கிறது.

மார்ச் 5

மனைவி தன் தம்பியை வரவழைத்துவிட்டாள். ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன்.

"அத்தான், இது கலப்பு டிஸ்க். சுத்துற தட்டு ஒண்ணு, கூடவே குட்டியா ஒரு வேக நினைவகம். நீங்க அடிக்கடி திறக்கறதை அந்தக் குட்டி ஞாபகம் வச்சுக்கும், அது மட்டும் சட்டுனு வரும். மத்ததைத் தட்டு சுத்தித்தான் தேடணும்."

முன்பாதி குதிரை, பின்பாதி எருமை.

"அப்படி எதுடா சட்டுனு வருது?" என்று கேட்டாள் என் தர்மபத்தினி.

அவன் தட்டிப் பார்த்தான். சீட்டாட்டம் குதித்துக்கொண்டு வந்தது. கட்டுரைக் கோப்புக்கு மூச்சு வாங்கியது.

அக்கா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்; தம்பி இருமினான். சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 7

எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க் வந்தாயிற்று. சுற்றும் தட்டே கிடையாதாம். உள்ளே எதுவும் அசையாதாம். என் சாதிதான் — என்ன, இது அசையாமலே வேலையும் செய்கிறது.

மைத்துனன் பழையதிலிருந்த எல்லாவற்றையும் புதியதில் காப்பி எடுத்தான். அந்நேரம் பார்த்து அவனுக்கு ஒரு போன். குரலில் சர்க்கரை வழிந்தது. காதைத் தீட்டிக்கொண்டேன்: பெண் குரல்! அசட்டுச் சிரிப்போடு கம்ப்யூட்டர் மூடியைத் திருகினான். "பழசு உள்ளயே கிடக்கட்டும் அத்தான், அப்புறம் வந்து எடுத்துக்கறேன்." ஓட்டமாய் ஓடினான்.

மார்ச் 8

புது டிஸ்க் வந்த சேதியை மனைவி ஆசிரியருக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். துரோகி! இனி எந்த முகத்தோடு "திறக்கலை" என்பேன்? கோப்பைத் திறந்தேன். ஒரு வரி. அழித்தேன். மூடினேன். பயத்தில் மறுபடி திறந்தேன்.

மார்ச் 9

திறந்தேன். மூடினேன். திறந்தேன்.

மார்ச் 10

ஆகா, என்ன வேகம்! தொட்டதும் கோப்பு வந்து நிற்கிறது. புதுச் சரக்கு புதுச் சரக்குதான். அதன் புகழையே கட்டுரையாக எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 12

அனுப்பியாயிற்று. கெடுவுக்கு முந்தின நாளே!

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?" என்றார் ஆசிரியர்.

மார்ச் 19

வந்துவிட்டது, முழுப் பக்கம். எண்ணெய்க்காரன் பின்னட்டைக்கு ஓடிவிட்டான். எதிர்வீட்டு வக்கீல் கட்டுரையைப் படித்துவிட்டு, தனக்கும் அதே டிஸ்க் வாங்கப் போகிறாராம்.

மார்ச் 22, ஞாயிறு

பழைய டிஸ்க்கை எடுத்துப்போக மைத்துனன் வந்தான். திரையைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"அத்தான்... அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அன்னிக்குக் காப்பி எடுத்தேன். ஆனா கம்ப்யூட்டர் இனிமே புதுசுலேர்ந்துதான் ஓடணும்னு மாத்த மறந்துட்டேன். இத்தனை நாளும் ஓடினது பழசுதான்."

"அப்ப அந்த வேகம்?"

"கட்டுரையைத் திறந்து திறந்து பாத்திருப்பீங்க. அந்தக் குட்டி நினைவகத்துக்கு அது பழகிடுச்சு. இப்ப மாத்திடவா?"

"கையை வைக்காதே! எருமை இப்பத்தான் வழிக்கு வந்திருக்கு. வக்கீல் காதுல இது விழக்கூடாது. பதிலுக்கு, போன்ல வந்த பொண்ணு விஷயம் உங்க அக்கா காதுல விழாது."

"எந்தப் பொண்ணு?" என்றான். காது மட்டும் சிவந்தது.

அவன் போனதும், மனசு ஆற ஒரு ஆட்டம் போடலாமென்று சீட்டாட்டத்தைத் திறந்தேன். வரவில்லை. தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது — யார் இந்த ஆள் என்பதுபோல.