வலப்பக்கத்து மயிலை

29-11-79, வியாழன்
விடாத தூறல். தி.மலை மாட்டுச் சந்தை. கார்த்திகைத் தீபத்துக்கு வந்த மாடுகள் சேற்றில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. வண்டி மாட்டில் ஒன்று ஆடியில் செத்ததிலிருந்து மற்றது, சாம்பல் நிற மயிலை, தனி. அதற்கு ஜோடி தேடி அண்ணனும் நானும்.

மயிலை வண்டியில் வலப்பக்கம் பூட்டும் மாடு. வேண்டியது இடப்பக்கத்து மாடு.

புளியமரத்தடியில் மட்டும் கொஞ்சம் காய்ந்த தரை. செங்கம் ஊர்க்காரன் ஒருவன் எங்கள் கோணியைக் காலால் தள்ளிவிட்டுத் தன் மாட்டைக் கட்டினான். அண்ணன் சாட்டைக் கோலைத் திருப்பிப் பிடித்து அவன் வாயிலேயே ஒன்று. பல் சேற்றில். வீட்டில் குழம்பில் உப்பில்லை என்றாலும் வாய் திறக்காமல் சாப்பிடுகிற மனுஷன். சந்தைக்குள் வந்தால் வேறு ஆள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தக் காய்ந்த தரையில் உட்கார்ந்துதான் புளிச்சோறு தின்றேன்.

30-11, வெள்ளி
மழை ஜாஸ்தி. செவலை ஒன்று வாங்கியாச்சு. நல்ல கட்டு, சின்னக் கொம்பு.

தரகர்: "ரெண்டு பக்கமும் போவும்ங்க. எங்க கட்டினாலும் இழுக்கும்."

"ஒருவாட்டி பூட்டிப் பாத்துட்டு வாங்கலாம்ணா" என்றேன்.

"இந்தச் சேத்துலயா? சும்மா இருடா."

வாங்க வேண்டியது: மூக்கணாங்கயிறு, லாடம், கற்பூரம், அண்ணிக்கு வளையல். வளையல் மறந்துவிட்டது.

1-12, சனி
அடி அண்ணாமலை. வீடு. வெயில்.
செவலையை இடப்பக்கம் நிறுத்தினால் நுகத்தடிக்குக் கழுத்தே கொடுக்கவில்லை. சுற்றிச் சுற்றி வலப்பக்கமே வந்து நிற்கிறது. தரகன் நாசமாய்ப் போக. அதுவும் வலப்பக்கத்து மாடு.

கொட்டகையிலும் அதே கதை. மயிலை நிற்கும் இடத்துக்கே முட்டிக்கொண்டு போனது. தடுப்புக் கழி முறிந்தது, செவலைக்குக் காது கிழிந்தது. மண்டிக்குப் போக வேண்டிய மல்லாட்டைக் கடலை மூட்டைகள் அப்படியே கிடக்கின்றன.

அண்ணன் முடிவு: மயிலையை இடப்பக்கம் மாற்று, பழகின மாடு, கேட்கும்.

"வேணாம்ணா. நுகத்துல கழுத்து வெச்ச நாள்லேர்ந்து அது அந்தப் பக்கம்தான்."

"மாட்டுக்கு இன்னா பட்டாவா போட்டுக் குடுத்திருக்கு? நாளைக்கு மாத்தறோம்."

2-12, ஞாயிறு
காலையில் அண்ணனே மயிலையை இழுத்தார். வரவில்லை. வாலை முறுக்கினார். வாலைக் கடித்தார். தார்க்குச்சியால் விலாவில் குத்திக்கொண்டே இருந்தார், ரத்தம் வழிய. தெருப் பிள்ளைகள் வயிற்றுக்கடியில் நுழைந்து ஓடும் மாடு அது. தலையைத் தாழ்த்தி ஒரே குத்து. கொம்பு தொடையில் ஏறி, அண்ணனைத் தூக்கிச் சுவரில் அடித்தது. தவிட்டுத் தொட்டியெல்லாம் ரத்தம்.

அண்ணி புடவையைக் கிழித்துக் கட்டினார். மலை சுற்றும் கூட்டத்துக்குள் பக்கத்து வீட்டு வண்டியில் பெரியாஸ்பத்திரி. "வழி, வழி" என்று கத்தியே தொண்டை போய்விட்டது.

5-12, புதன்
ஆஸ்பத்திரி. அண்ணன் கட்டிலுக்கடியில்தான் படுக்கை. பக்கத்துக் கட்டில்காரரின் மச்சான் என் பாயைச் சுருட்டி எறிந்தான். அவன் கழுத்தைப் பிடித்துவிட்டேன். நர்ஸம்மா வராவிட்டால் நெரித்தே இருப்பேன். ஒரு பாய் அகலத் தரைக்கு! இனி நான் அண்ணனை என்ன சொல்ல?

அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி என் கையை விடுவதில்லை. "மயிலய யாரும் அடிச்சிடாதீங்கடா. அது மேல தப்பில்ல. நான்தான் அத்த அந்தப் பாடு படுத்தனேன்." அழுதார். எனக்கும் அழுகை. அண்ணிக்குச் சொல்லி அனுப்பினேன்: மயிலை அதன் இடத்திலேயே நிற்கட்டும், செவலையை வெளியே கட்டுங்கள்.

15-12, சனி
பனி. அண்ணன் வீட்டுக்கு வந்தார். முட்டி இனி சரியாக மடங்காதாம்.

வாசலில் தெருவே நின்றது. "உன் மாடே உன்னத் தூக்கிப் போட்டுச்சாமே?" யாரோ சிரித்தான். அண்ணன் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்து அழுத ஆள் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார் போல.

கழி ஊன்றி நேரே கொட்டகைக்குப் போனார். சுவரில் சாய்ந்துகொண்டு கடப்பாரையை எடுத்தார். அண்ணி கத்தினார். நான் ஓடிப் போவதற்குள் மயிலையின் நெற்றியில் இரண்டு அடி. அது வலப்பக்கம், தன் இடத்தில். கொம்பைத் தாழ்த்தவில்லை. ஓர் அடி பின்வாங்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாவது அடியில் முன்னங்கால் மடிந்து விழுந்தது. வாயில் பாதி மென்ற வைக்கோல்.

கடப்பாரையைப் பிடுங்கி அண்ணனின் நல்ல காலுக்கு ஓங்கினேன். அண்ணி குறுக்கே விழுந்தார். இல்லாவிட்டால் அடித்திருப்பேன்.

16-12, ஞாயிறு
மயிலையைப் புதைத்தாச்சு. அண்ணன் வெளியே வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் குழியில் மண் தள்ளிக்கொண்டே சொன்னார்: "கட்டிப் போட்டு அடிச்சா வாயில்லா ஜீவன் இன்னா பண்ணும்?"

கட்டவில்லை. தண்ணீர் காட்ட நான்தான் நேற்றுக் காலையில் அவிழ்த்துவிட்டிருந்தேன். கயிறு அதன் முதுகிலேயே கிடந்தது.