பஸ் போன பிறகு திறக்கும் லேப்

என் செல்லமே மும்தாஜ்,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உன் நினைவாக நேற்று நம் கல்லூரியில் விழா எடுத்தார்கள். வாசலில் பெரிய பிளெக்ஸ், "அனைவருக்கும் செயற்கை நுண்ணறிவு" என்று. அதில் கரஸ்பாண்டென்ட் ஆளுயரத்துக்கு நிற்கிறார். நீ ஓர் ஓரத்தில், பாஸ்போர்ட் போட்டோ அளவுக்கு. உன்னை நன்றாக வெள்ளையடித்து மூக்குக் கண்ணாடியையும் அழித்துவிட்டிருக்கிறார்கள். உன் அம்மாவே பார்த்தாலும் யாரோ என்றுதான் போவார்.

விழா எத்தனை மணிக்குத் தெரியுமா? நாலரைக்கு. எழுமலை பஸ்ஸும் உசிலம்பட்டி பஸ்ஸும் நாலேகாலுக்குக் கிளம்பிவிடும் என்பது காலேஜ் வாட்ச்மேன் முதல் கேன்டீன் பூனை வரை எல்லோருக்கும் தெரியும். ஆக, அனைவருக்கும் என்றால் பஸ் ஏறுகிற பெண்கள் போக மிச்சம் இருக்கிற அனைவருக்கும். இவ்வளவு தெளிவாக பிளெக்ஸில் போட இடம் போதவில்லை போலிருக்கிறது.

அதே பெண்களைத்தான் மூன்று மணியிலிருந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கையில் சந்தனமும் பன்னீரும். சிறப்பு விருந்தினர் வந்தபாடில்லை. பஸ் ஹாரன் அடித்ததும் தட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு ஓடினார்கள். உன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் எச்.ஓ.டி. பின்னாலேயே கத்தினார்.

"ஏம்மா, இன்னுங் கொஞ்ச நேரம் நின்னா கொறஞ்சா போயிருவீக?"

எழுமலைப் பாண்டிச்செல்வி ஓடிக்கொண்டே திரும்பினாள். "நாங்க கொறைய மாட்டோம் சார். பஸ்ஸு போயிரும்."

அவளை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதல் வருஷத்தில் வாயே திறக்காமல் கடைசி பெஞ்சில் இருந்தாளே, அவள்தான். இப்போது இறுதியாண்டு. அவளுடைய அம்மா சுகர் மாத்திரை எது, பிரஷர் மாத்திரை எது என்று தெரியாமல் மாற்றிப் போட்டு ஒரு முறை மயங்கி விழுந்துவிட்டார். போன் கேமராவைக் காட்டினால் மாத்திரை அட்டையைப் பார்த்து எது என்ன, எப்போது போட வேண்டும் என்று தமிழில் சொல்கிற ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். அதை மாத்திரைப் படங்கள் காட்டிப் பழக்க லேப்பில் இருக்கும் பெரிய மெஷின் வேண்டும். அவளிடம் இருப்பது அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப். நாலு படம் போட்டாலே மூச்சு வாங்குகிறது.

அந்த லேப்பைக் காலை முதல் மணிக்குக் கொண்டுவர நீ என்ன பாடுபட்டாய்! ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் எழுமலை பஸ்ஸில் ஏறி, கடைசிப் பிள்ளை இறங்கும்வரை போய்விட்டு வந்தாய். மறுநாள் ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து நின்றாய். "சார், சாயங்கால லேப்னா இந்தப் புள்ளைகளுக்கு ஏஐ கெடையாதுன்னு அர்த்தம். பஸ்ல போறவளுக்கு மூளை இல்லன்னு எழுதிக் குடுங்க, நான் வாய மூடிக்கிறேன்." பிரின்சிபால் அன்று தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

நீ கண்ணை மூடியதும் முதலில் மாற்றியது அதைத்தான். காலையில் தியரி, லேப் நாலரைக்கு மேல். காரணம் கேட்டேன். அட்மிஷன் நேரமாம். பெற்றோர்கள் காலையில் வந்து பார்ப்பார்களாம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் துடைத்து வைத்தபடி அழகாக இருக்க வேண்டுமாம். பிள்ளைகள் உட்கார்ந்தால் அழுக்காகிவிடும் அல்லவா? இத்தனை கோடி போட்டு நகைக்கடை ஷோகேஸ் கட்டியிருக்கிறார்கள், அதற்குக் கல்லூரி என்று பெயர்.

இதற்கு மேல் ஒரு உத்தரவு. மாதக் கடைசிக்குள் லேப்பில் போதிய நேரம் உட்காராதவர்கள் புராஜெக்ட் செய்ய முடியாது, அதற்குப் பதில் தியரி எழுதலாம். புராஜெக்ட் இல்லாதவர்களைக் கம்பெனிக்காரன் இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டான். எச்.ஓ.டி. இதை "மாணவர் விருப்பத் தேர்வு" என்கிறார். எப்பேர்ப்பட்ட விருப்பம் பார்.

இனி உன் பெயரில் கொடுத்த விருதைக் கேள். "கிராமத்துப் பெண்கள் பாதுகாப்பாக வீடு திரும்ப ஏஐ செயலி". செய்தவர்கள் மூன்று பையன்கள், மூவரும் பைக்கில் வருகிறவர்கள். விருதை நான்தான் கொடுக்க வேண்டுமாம், உன் தோழி என்பதால். "மும்தாஜ் மேடத்தப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க, டைம்டேபிள் பேச்சு மட்டும் வேணாம்" என்று பிரின்சிபால் காதில் ஓதினார்.

யாருக்காகச் செய்கிறாயோ அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து புரோகிராம் எழுது என்பாயே நீ? அதுதான் நினைவுக்கு வந்தது. மைக்கைப் பிடித்தேன்.

"தம்பிகளா, இத எந்தப் பொண்ணுகிட்டக் காட்டுனீங்க?"

"யார்ட்டயும் காட்டல மேடம்."

"சரி, எங்க செஞ்சீங்க?"

ஒருவன் பாவம், பொய் சொல்லத் தெரியாதவன். "புராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து ரெடிமேடா வாங்குனோம் மேடம்."

அரங்கமே சிரித்தது. மைக் செத்துப்போனது. கேடயத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

இன்று காலை முதல் மணி இறுதியாண்டுக்கு என் கணக்கு வகுப்பு. லேப் அட்டெண்டரிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். "பேரன்ட்ஸ் வாராகளா மேடம்?" என்றார். "வாராங்க" என்றேன். பொய் இல்லை, தினமும்தான் வருகிறார்கள். பஸ் பெண்களை மெஷின்களின் முன்னால் உட்கார வைத்தேன். அரை மணி நேரத்தில் பிரின்சிபால் கே.கே. நகர்க் குடும்பம் ஒன்றை அழைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்! அந்த அம்மா, "பரவாயில்லயே சார், இம்புட்டுப் பொம்பளப் புள்ளைக படிக்குதே" என்றார். உடனே நம் ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க காலேஜ்ல கிராமத்துப் புள்ளைகளுக்குத்தான் மொத உரிமை" என்றார். கூசவே இல்லை, மும்தாஜ்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மெமோதான் என்று நினைத்துப் போனேன். "நல்ல ஐடியா மேடம். அட்மிஷன் முடியற வரைக்கும் டெய்லி உக்கார வைங்க. யூனிஃபார்ம மட்டும் அயர்ன் பண்ணிட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் பழையபடி பூட்டிருவோம்." எங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் அவருக்கு ஒரு பதில் சொன்னேன். நன்றி என்று நினைத்துத் தலையாட்டினார். அது என்ன வார்த்தை என்று, என்னிடம் அந்த பாஷையைக் கற்றுக்கொண்ட உனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும்.

திரும்பி வந்து பாண்டிச்செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பொம்மையா உக்கார வச்சாலும் பரவாயில்ல மேடம். மெஷினு கெடைக்குதுல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளையடி அவள். தனக்குரியதை வாங்கப் பொம்மையாகவும் தயாராக இருக்கிறாள் என்றால், இவர்கள் அவளுக்கு இத்தனை வருஷமாக எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்?

அட்மிஷன் முடியும் நாளில் அட்டெண்டர் சாவியைக் கேட்டு வருவார். கொடுக்க மாட்டேன். எச்.ஓ.டி. வந்தாலும், கரஸ்பாண்டென்டே வந்தாலும் கொடுக்க மாட்டேன். முதல் மணி லேப் என்று டைம்டேபிளில் அச்சாகி, பாண்டிச்செல்வி அயர்ன் பண்ணாத சுடிதாரில் வந்து தன் இடத்தில் உட்காரும் வரைக்கும் அது என் முந்தானையில்தான் முடிந்திருக்கும். இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு கூடப் பிறக்காவிட்டாலும், பெருநாளுக்குப் பெருநாள் உன் வீட்டுப் பிரியாணியில் பங்கை விடாத,
உன் பத்மா அக்கா